காந்தத்தைக் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டு முற்றத்தில் மழைநீர் ஓடிய தடத்தில் படிந்திருந்த கருமணலின் மீது, பாலித்தீன் உறையில் சுற்றிய காந்தத்தை என் பேத்தி மெல்ல நகர்த்தியபோது, துகள்கள் முள்முள்ளாகச் சிலிர்த்து நின்றன. உறையிலிருந்து காந்தத்தை உருவியதும் அவை பொலபொலவென உதிர்ந்ததைக் கண்டு, ஏன் என்று அவளே கேட்டாள். 'ஒத்த துருவங்கள் விலக்கும்' என்று மனப்பாடம் செய்த நாளில் அவள் எதுவும் கேட்டதில்லை. எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து இல்மனைட் என்ற கருநிறக் கனிமத்தைப் பிரிப்பதிலும் காந்த விசை பயன்படுகிறது. புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறக்குறைய கிடைமட்டமாகவே நிற்கும். இதை நம் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டாமா? ஒவ்வொரு மாணவர் கையிலும் இரண்டு காந்தங்களையாவது கொடுக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.