ஹெட்போனுக்குள் அடைபட்ட உறுமி மேளம்: ஒலிப்பதிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் திருவிழாவைப் பதிவு செய்து, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உணர வைக்கும் முப்பரிமாண ஒலி என்ற பெயரில் மண்டபத்தில் ஹெட்போன் வழியாகக் கேட்க வைத்தவர்கள் நீங்கள். கோயில் இடம் மாறுவதும், அந்த ஊர்வலப் பாதை இனி இருக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதை. மேளம் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை என்ற எங்கள் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில்தான் என்னை எழுத வைத்தது. "வயதானவர்களுக்கு ஹெட்போன் பழக்கமில்லை, அதனால் ஒலியை உணர முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள்.

அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். பால்மரம் வெட்டியே பிள்ளைகளைக் கரையேற்றிய ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். உறுமி மேளம் கோயில் வாசலிலிருந்து கிளம்பி, லயத்து வீடுகளைத் தாண்டி, அவருக்கு முன்னால் இடமிருந்து வலமாகக் கடந்து போக வேண்டும். மேளம் வரும் திசையைத் தேடிப் பாட்டி தலையைத் திருப்பினார். மேளமும் கூடவே திரும்பியது. மறுபக்கம் திருப்பினார், அங்கேயும் தொற்றிக்கொண்டு வந்தது. கழற்றிப் பேரன் கையில் கொடுத்துவிட்டு, "மண்டைக்குள்ளேயே அடிக்குதுய்யா, சாமி எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியல" என்றார். தினமும் கைப்பேசியில் ஹெட்போன் மாட்டிப் பக்திப் பாட்டு கேட்கிறவர் அவர். பழக்கமில்லை என்று அவரைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதைத் தொட்டு மறு காதை எட்டும் இடைவெளி, அதிகம் போனால் ஏறக்குறைய 0.7 மில்லிவிநாடி. அதை வைத்தும், இரு காதிலும் கேட்கும் அளவு வேறுபாட்டை வைத்தும் மூளை இடம் வலம் பிரிக்கிறது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருக்கும் ஒலிகளுக்கு இந்த இரண்டுமே உதவாது. அங்கே காது மடலின் மடிப்புகள்தான் கை கொடுக்கின்றன. ஏறக்குறைய 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அவை ஒலியைத் திசைக்குத் தக்கபடி மாற்றி அனுப்புகின்றன. வயதாக ஆக முதலில் மங்குவது அந்த உயர்ந்த சுருதிகளே. ஸ்டோரில், அதாவது தோட்டத்து ரப்பர் ஆலையில், இயந்திரச் சத்தத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் போயிருக்கும்.

அப்படியானால் எங்கள் பெரியவர்களுக்கு மிஞ்சும் ஒரே துணை தலையைத் திருப்பிப் பார்ப்பதுதான். ஹான்ஸ் வாலக் என்ற உளவியலாளர் 1940-இலேயே சோதனை செய்து காட்டிய விஷயம் இது. தலையை வலப்பக்கம் திருப்பினால், முன்னால் இருக்கும் ஒலி இடது காதை முந்தி அடையும். பின்னால் இருப்பது வலது காதை முந்தி அடையும். இதைப் பிரித்தறிய உயர்ந்த சுருதிகள் தேவையில்லை, உறுமியின் கனத்த அடியே போதும். பாட்டி செய்தது அதைத்தான். அவர் காதும் மூளையும் சரியாகத்தான் வேலை செய்தன. உங்கள் ஒலிக்கலவைதான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: தலை அசைவைப் பின்தொடரும் வசதியோடு அந்தப் பதிவை மறுபடி அமைத்துக் கொடுங்கள்.

திரும்பப் பதிவு செய்யச் சொல்லவில்லை. அன்று நீங்கள் நட்டு வைத்தது நான்கு கேப்ஸ்யூல் ஆம்பிசோனிக் மைக், அதாவது நான்கு சிறு ஒலிவாங்கிகள் சேர்ந்து சுற்றிலும் உள்ள ஒலியைத் திசையோடு பதியும் மைக். ஈப்போவில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் பார்த்ததுமே தெரிந்தது. மைக்கேல் கெர்ஸன் போன்ற ஒலி ஆய்வாளர்கள் 1970-களில் வளர்த்தெடுத்த அந்த முறையில், சுற்றியுள்ள ஒலி முழுவதையும் கணக்குப் போட்டு எந்தப் பக்கமும் சுழற்றலாம். ஹெட்போன் பட்டையில் ஒரு சிறு அசைவு உணரி போதும். கம்பியுள்ள ஹெட்போனாக இருக்கட்டும். புளூடூத்தில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவிநாடியைத் தாண்டிவிடும், திரும்பிய தலைக்குப் பின்னால் மேளம் இழுபட்டு வரும். இத்தனை வழி கையில் இருந்தும், எல்லாவற்றையும் இரண்டு தடங்களாகச் சுருக்கி முடித்துவிட்டீர்கள்.

அடுத்து இதைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஹெட்போனில் திசை காட்ட ஏதாவது ஒரு தலையின், காதின் அளவை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். உங்கள் கலவை எந்தத் தலையின் அளவை வைத்துச் செய்தது? பலரும் எடுத்தாளும் கெமார் என்ற ஒலிச்சோதனைப் பொம்மை 1972-இல் வந்தது. வளர்ந்த ஆளின் சராசரி அளவு அது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 1994-இல் அதன் காதுகளில் எடுத்த அளவீடுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஏழு வயதுப் பிள்ளையின் தலை சிறியது, காது மடலும் சிறியது. பல அளவுகளை வைத்து, கேட்பவரே தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும்படி செய்ய முடியும். இத்தகைய தலை, காது அளவீடுகளைச் சேமிக்க, 2015-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட சோஃபா என்ற கோப்பு வடிவம் இருக்கிறது.

மண்டப எதிரொலி ஒன்றையும் மேலே பூசியிருக்கிறீர்கள். தலைக்கு வெளியே ஒலி கேட்க எதிரொலி உதவும் என்பது உண்மை. ஆனால் மண் பாதையில், பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே போன ஊர்வலத்துக்கு எதற்கு மண்டபம்?

தோட்டத்துச் சனங்களுக்கு இது போதும் என்ற எண்ணத்தைத்தான் காலமெல்லாம் பார்த்து வருகிறோம். திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பார்கள், அறிக்கையில் ஒரு பக்கம் சேரும். குறை சொன்னால், குறை எங்களிடம் என்று பதில் வரும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து பதிவு செய்யாவிட்டால் அந்த ஊர்வலத்தின் ஒலி எங்கள் கையில் மிஞ்சியிருக்காது. அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: தலை திரும்பினாலும் மேளம் தன் இடத்தில் நிற்கும்படி அமைத்துக் கொடுங்கள். உங்களால் இயலாவிட்டால், நான்கு தட மூலப் பதிவின் நகலைக் கோயில் நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். வேலையை நானும் என் நண்பர்களும் கூலி வாங்காமல் செய்து தருகிறோம். பள்ளிகளுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஒலிப்பதிவாளன்,
சுங்கை சிப்புட், பேராக்