"முகம் சுளிச்சதே இல்ல"ன்னு இனிமே எழுதாதீங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, படுத்த படுக்கையா கெடக்கற மாமியார வருஷக்கணக்கா பாத்துக்கற ஒரு அம்மாவப் பத்தி போட்டிருந்தீங்க. அவங்களுக்கு என் கும்பிடு. ஆனா நடுவுல கொட்டை எழுத்துல "ஒருநாளும் முகம் சுளித்ததில்லை"ன்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதறேன்.

எங்க சித்தி பொண்ணும் இதே நெலமையிலதான் இருக்கா. மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, மூக்குல டியூப். கஞ்சிய மிக்சில அடிச்சு வடிகட்டி சிரிஞ்ச்ல ஊத்தணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வெக்கணும் இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும், ராத்திரியும் அதே கணக்குதான். ஒரு நாள் போன்ல பேசிட்டே இருந்தவ திடீர்னு கொரல எறக்கி, "அக்கா, இந்தம்மா போய்ச் சேந்துட்டா ஒரு ராத்திரியாச்சும் முழுசா தூங்கலாமேன்னு தோணுதுக்கா, நான் எல்லாம் என்ன ஜென்மம்"னு கேட்டுட்டு ஓன்னு அழுதா. அந்த வாரத்துல இருந்தே வெள்ளிக்கிழம பச்சத்தண்ணி கூட குடிக்காம வெரதம், நெனச்ச பாவத்துக்குப் பரிகாரமாம். ஏற்கெனவே தூக்கமில்லாத ஒடம்பு, அதப் பட்டினியும் போடறா.

அவள மாதிரி இருக்கறவங்க உங்க வரியப் படிச்சா என்ன நெனப்பாங்க? நல்லவங்களுக்கு இப்படியெல்லாம் தோணாது போல, நமக்கு மட்டுந்தான் தோணுதுன்னு இன்னும் ஆழத்துல போட்டுப் பொதைப்பாங்க.

எல்லாருக்கும் தோணும்ங்க. டொனால்ட் வின்னிகாட்னு இங்கிலாந்துல ஒரு கொழந்தைங்க டாக்டர், மனோதத்துவமும் படிச்சவரு, 1947ல மனோதத்துவ ஆய்வு பண்றவங்க கூடியிருந்த சபையில ஒரு கட்டுரை வாசிச்சாரு. அதுல ஒரு தாய்க்குத் தன் பச்சப்புள்ள மேலயே வெறுப்பு வர்றதுக்கு பதினெட்டு காரணத்த வரிசையா சொல்றாரு. பெத்த தாய்க்கே! பாசத்த விட்டுட்டவளப் பத்தி இல்ல, பாசமா வளக்கற சாதாரண அம்மாவப் பத்திதான் பேசறாரு. அதுலயே அவர் வீட்டுக் கதையும் வருது. யுத்த சமயத்துல ஓடிப்போற பழக்கம் உள்ள ஒம்பது வயசுப் பையன் ஒருத்தன வீட்டுல வெச்சிருந்தாங்க, அவன் பண்ற அட்டூழியம் தாங்காது. டாக்டர் கை நீட்டவே மாட்டாரு, வெறி முத்துனா அவனத் தூக்கி வாசலுக்கு வெளிய விட்டுட்டு, "நீ பண்ணதால எனக்கு உன் மேல வெறுப்பு வருது"ன்னு நேரா சொல்லிருவாரு. வாசல்ல ஒரு பெல் இருக்கும், அவன் அத அடிச்சா திரும்ப உள்ள விட்டுருவாங்க, பழசப் பத்தி பேச்சே கெடையாது. தனக்குள்ள வெறுப்பு இருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனாலதான் அடிக்காம சமாளிக்க முடிஞ்சுதுன்னு நான் நெனைக்கறேன். படுக்கையில இருக்கறவங்க கிட்ட போய் அப்படி சொல்லுங்கன்னு நான் சொல்லல, நமக்கு நாமளே சொல்லிக்கலாம்ல.

அப்படி ஒண்ணு எனக்குள்ள இல்லவே இல்லன்னு சாதிச்சா அது வேற வழியில வரும். பொரட்டும்போது கை கொஞ்சம் அழுத்தி விழும், டயப்பர் நனஞ்சது தெரிஞ்சும் கெடக்கட்டும்னு தோணும், ஒண்ணும் பண்ணாத புள்ள முதுகுல போய் அடி விழும். மனசுல தோணறது வேற, கையால செய்யறது வேற, ஆனா தோணறத ஒத்துக்கிட்டவளுக்குத்தான் கைய அடக்கத் தெரியும்.

சுவிட்சர்லாந்து மனநல டாக்டர் கார்ல் யுங் இந்த மறைஞ்ச பக்கத்துக்கு நிழல்னு பேர் வெச்சாரு. நம்ம கிட்ட இருக்கறத ஒத்துக்க முடியலன்னா அத அடுத்தவங்க மேல ஏத்திப் பாப்போம்னு சொல்வாரு. எங்க சித்தி பொண்ணு எப்பப் பாத்தாலும் ஓரகத்தியத்தான் திட்டுவா, சுயநலக்காரி, தன் ஒடம்ப மட்டும் நல்லா பாத்துக்கறா, நிம்மதியா தூங்கறான்னு. யோசிச்சுப் பாத்தா இவளுக்கு வேண்டியதும் அதேதான், கேக்கத்தான் வாய் வரல. அந்த நிழல்ல கெட்டது மட்டும் இல்ல, நல்லதும் மாட்டிக்கிட்டு கெடக்கும்னும் யுங் சொன்னாரு, அது எவ்வளவு உண்மைன்னு நான் கண்ணால பாத்தேன். சின்ன வயசுல "என்னா வாய்டி உனக்கு"ன்னு அடக்கி அடக்கி வெச்ச அதே வாயாலதான் போன மாசம் கொழுந்தனுக்கு போன் போட்டு, சனி ஞாயிறு ராத்திரி நீங்க ரெண்டு பேரும் வந்து பாத்துக்கங்க, என்னால முடியலன்னு பட்டுனு சொல்லிட்டா. வந்தாங்க, இப்பவும் வர்றாங்க. அந்த ரெண்டு ராத்திரி இவ தூங்கறா.

இதுக்கெல்லாம் நம்ம ஊருல முன்னாடி ஒரு எடம் இருந்துச்சுங்க. ஒப்பாரி கேட்டிருப்பீங்க, செத்தவர நெனச்சு அழற அதே பாட்டுல, பொறந்த வீட்டுச் சீர மறந்த அண்ணன், வார்த்தையால கொன்ன நாத்தனா, ஏன், செத்துக் கெடக்கற புருஷனையே, தன்ன நடுத்தெருவுல விட்டுட்டுப் போனதுக்கு வெச்சு வாங்குவாங்க. ஊரே கேக்கும், யாரும் அவள ராட்சசின்னு சொல்ல மாட்டாங்க. துக்கமும் ஆத்திரமும் ஒரே தொண்டையிலதான் வரும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கல. இப்ப அந்தப் பாட்டும் கொறைஞ்சு போச்சு, இவங்க எங்க போய் சொல்வாங்க?

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி ஒருத்தரப் பேட்டி எடுக்கும்போது, எப்ப கோவம் வருது, எப்ப ஓடிப்போயிடலாம்னு இருக்குன்னு கேளுங்க, பேர் போட வேணாம்னா போடாம அவங்க சொல்றத அப்படியே அச்சடிங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிக்கும் வலி தணிப்பு சிகிச்சைக்கும் வீட்டுக்கே வர்றாங்க, அந்த விவரத்தையும், ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்ல பேசக்கூடிய டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் 14416ஐயும் கட்டுரைக்குக் கீழ ஒரு கட்டம் கட்டிப் போட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேனி.