தங்கம் இரண்டு, வெள்ளி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலிம்பிக் மகளிர் நீச்சல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் 2016 ரியோ 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பற்றிய பத்தி என்னை உறுத்திவிட்டது. அமெரிக்காவின் சிமோன் மானுவலும் கனடாவின் பென்னி ஒலெக்சியாக்கும் 52.70 விநாடியில் சுவரைத் தொட்டார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியை அளக்கக் கருவி இருந்தும் சோம்பல்பட்டுத் தங்கத்தைப் பங்கு போட்டுவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். சோம்பல் அல்ல, ஐயா. அளவு தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

முப்பது வருடம் கட்டட மேற்பார்வையில் இருந்தவன் நான். ஒருமுறை ஒரு விடுதிக்கு 25 மீட்டர் குளம் கட்டினோம். நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம். டைல்ஸ் ஒட்டி முடித்து டேப் பிடித்தால், இந்த ஓரம் ஓர் அளவு, அந்த ஓரம் வேறோர் அளவு. நடுவில் பூச்சு வயிறு தள்ளி நின்றது. வித்தியாசம் சுண்டுவிரல் அகலம். "தண்ணீர் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, சார்?" என்றார் தலைமைக் கொத்தனார். குளிக்க வருபவர்களுக்கு அது போதும்.

ஒலிம்பிக் குளம் இப்படி இராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 50 மீட்டர் குளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது, 3 சென்டிமீட்டர் வரை கூடலாம் என்பதுதான் ரியோ சமயத்தில் இருந்த சர்வதேச விதி. 52.70 விநாடியில் 100 மீட்டர் என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அந்தப் பெண்கள் கடப்பது சுமார் 2 மில்லிமீட்டர். சுவரில் 3 சென்டிமீட்டர் சலுகை கொடுத்துவிட்டு, 2 மில்லிமீட்டருக்காக ஒருத்தியின் கழுத்திலிருந்து தங்கத்தைக் கழற்றுவதா? (இந்தக் கணக்கைக் கறாராகப் போட்டால் நூறில் ஒரு பங்கு விநாடிகூடக் கொஞ்சம் ஆட்டம் காணும். அது வேறு வழக்கு.)

சைக்கிள் பந்தயத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்களே என்று கட்டுரையாளர் கேட்கிறார். அங்கே எல்லாரும் தாண்டுவது ஒரே கோடு. நீச்சலில் அவரவர் தடத்துக்கு அவரவர் சுவர். அந்தச் சுவரில் மாட்டிய தொடுபலகையை அழுத்தி, தன் கடிகாரத்தைத் தானே நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1972 மியூனிக்கில் ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் (நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் பந்தயம்) சுவீடனின் குன்னார் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடியில் மெக்கீயின் தங்கம் போயிற்று. அதன் பிறகே நூறில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். அந்த விதியின் பலனை ஒலிம்பிக்கில் முதலில் கண்டதும் இதே மகளிர் 100 மீட்டர்தான்: 1984 லாஸ் ஏஞ்சலிஸில் நான்சி ஹாக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சைஃபர், இருவருக்கும் 55.92, இருவருக்கும் தங்கம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரியோ பந்தயத்தைத் திரும்பப் பாருங்கள். பாதித் தூரத்தில் முன்னால் திரும்பியவர் உலக சாதனை கையில் வைத்திருந்த கேட் கேம்ப்பெல். முடிவில் அவருக்கு ஆறாவது இடம். பதினாறு வயது ஒலெக்சியாக் ஏழாவதாகத் திரும்பி வந்து தங்கம் தொட்டார். மானுவலுக்கோ, தனிநபர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்ற பெயர். இதில் யாருடைய பதக்கத்தைப் பாதியாக்கச் சொல்கிறீர்கள்?

ஒரு திருத்தமும் வேண்டும். கட்டுரையோடு வந்த பட்டியலில் ஒலெக்சியாக்கின் பெயர் வெள்ளிக் கட்டத்தில் இருக்கிறது. அதைத் தங்கத்துக்கு மாற்றுங்கள். 52.99 விநாடியில் வந்த சாரா ஷோஸ்ட்ரோமின் வெண்கலம் அப்படியே இருக்கட்டும். வெள்ளிக் கட்டத்தில் ஒன்றும் போட வேண்டாம். அன்றைக்கு அந்தப் பந்தயத்தில் யாருக்கும் வெள்ளி தரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
திருச்சி