கிணறு அளக்கும் பிள்ளைகள்

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மாறுதல் ஆணை வந்துவிட்டது, ஜூனில் நம்ம ஊர்ப் பக்கமே வந்து சேருவாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே கோடைமழை நன்றாகவே பெய்தது. குளங்களில் தண்ணீர் கிடக்கிறது. மட்டிப்பழம்தான் கையைக் கடிக்கிற விலை. வீட்டுச் செய்திகளை நேரில் பேசலாம். நீ கேட்டதற்கு இப்போது வருகிறேன்.

பெண்கள் பள்ளி, அதோடு என்எஸ்எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் உன் தலையில்தான் விழும் போலிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தான் யாரென்ற தெளிவும், விழுந்தால் எழுந்து நிற்கிற திடமும், ஊருக்கு உதவுகிற குணமும் வர என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து மூன்றுக்கும் மூன்று கூட்டம் போட்டு, மூன்று பேச்சாளர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பாதே. ஆளுமை வளர்ச்சி உரை கேட்ட பிள்ளை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். வளாகத்தைப் பெருக்கிப் பதாகை பிடித்துப் படம் எடுத்தால் அதுவும் அன்றைக்கோடு சரி. பிள்ளைகளே அளந்து, கணக்குப் போட்டு, பெரியவர்களிடம் கொண்டுபோய்ப் பேசி, சொன்னது நடந்ததா என்று திரும்பப் போய்ப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு வேலையை வருஷம் முழுக்கப் பிடித்துக்கொள். மற்ற இரண்டும் அதற்குள்ளேயே வளரும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நான் சொல்லும் வேலை, கிணறு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் வீட்டுக் கிணற்றை விடாத ஊர் நம்முடையது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கிடைக்கிறது. ஜூலையிலும் நவம்பரிலும் மார்ச் தொடக்கத்திலும் அளந்தால் நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் தங்கள் நோட்டிலேயே பார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் இதற்குத் தோது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளைத் தொட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

குழு பிரிப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். வகுப்பு வாரியாகவோ வருகைப் பதிவேட்டு வரிசையிலோ பிரித்தால், தேங்காப்பட்டணத்துப் பிள்ளையும் குலசேகரத்துப் பிள்ளையும் ஒரே குழுவில் மாட்டிக்கொள்வார்கள். நாலரை மணிக்கு மேல் இருவரும் சேர்ந்து எங்கேயும் போக முடியாது. பேருந்து நிறுத்தம் வாரியாகப் பிரி. ஒரே நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் ஒரு குழு, ஐந்து பேர் போதும். சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும். யாராவது ஒருத்தியின் அம்மாவோ சித்தியோ கூட நிற்கலாம். பள்ளியில் இதற்கென்று வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கால அட்டவணையிலேயே எழுதி வாங்கிவிடு. "பள்ளி விட்டபிறகு பார்த்துக்கலாம்" என்று தலைமையாசிரியர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. ட்யூஷனும் கடைசி வண்டியும் அதை விழுங்கிவிடும்.

குழுவுக்கு நான்கு கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைக் கணக்கிலேயே சேர்க்காதே. சுவர் இருந்தாலும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது முதல் விதி. தேவையானது ஒரு டேப், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, நுனியில் கட்ட அரைக்கிலோ கல், ஒரு நோட்டு. இருவர் எதிரெதிரே நின்று டேப்பைப் பிடித்து உள்விட்டத்தை அளக்கட்டும். கல்லைத் தரைதட்டும் வரை இறக்கித் தூக்கினால் கயிறு நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம், உலர்ந்த நீளம் நீர்மட்டம் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதற்கு. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வரும். கழிப்பறைக் குழி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் எழுதச் சொல். 15 மீட்டருக்குள் இருந்தால் அந்தக் கிணற்றுக்குச் சிவப்புக் குறி.

இனி கணக்கு. 3.14 பெருக்கல் விட்டத்தின் வர்க்கம் பெருக்கல் ஆழம், அதை நான்கால் வகுத்தால் கனமீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 9.42 கனமீட்டர், அதாவது 9,420 லிட்டர். கிணற்றுத் தண்ணீரில் கிருமியைக் கொல்ல, ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்ற கணக்கில் ஏறக்குறைய 24 கிராம் வரும். இங்கே அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் செய்யும் பிழை ஒன்று உண்டு. புத்தகத்தில் படித்த ஆரத்தின் சூத்திரத்தை எடுத்து, அதில் அளந்த விட்டத்தைப் போட்டுவிடுவார்கள். விடை நான்கு மடங்காகும். 24 கிராம் போட வேண்டிய இடத்தில் 94 கிராம். அதை நீ திருத்தாதே. இரண்டு குழுக்களுக்கு ஒரே கிணற்றைக் கொடுத்து, விடைகள் ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்களையே கண்டுபிடிக்க வை. மதிப்பெண் குறையாத இடத்தில் தன் தப்பைத் தானே பிடித்த பிள்ளைக்கு அடுத்த தப்பு பயம் தராது.

பவுடரைப் பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. அது பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளரோ சுகாதார ஆய்வாளரோ செய்ய வேண்டியது. ஆனால் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி வரை கரைத்து, ஐந்து பத்து நிமிஷம் தெளிய விட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டி உள்ளே இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். அவசரத்தில் அப்படியே கவிழ்த்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. அதன்பிறகு ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் இறைக்கக்கூடாது. இரவில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிறகு சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீதி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பவுடர் பழசு, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். வாய் திறந்த சாக்கில் ஈரத்தில் கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. கடலோரத்து உப்புத் தண்ணீருக்கு இது மருந்தில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் "போட்டும் உப்புக் கரிக்குதே" என்று ஏமாந்துபோவார்கள். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் ஊரில் அவர்கள் யார் யார் என்று விசாரித்து, பிள்ளைகளை அவர்களோடு கோத்துவிடு. பள்ளிக்கூடத்துப் பெண், ஊருக்குள் ஒரு பொறுப்பில் இருக்கிற பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பத்து உரைக்குச் சமம்.

அளந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு நிறுத்தக்கூடாது. நம் மாநிலத்தில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம். நவம்பர் 1, 1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட. கிராம சபையில் உறுப்பினர் என்றால் வாக்காளர்தான். பதினைந்து வயதுப் பிள்ளை தீர்மானம் கொண்டுவர முடியாது. அதனால் அம்மா எழுந்து பேச, மகள் பக்கத்தில் நின்று கணக்கை வாசிக்கட்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை கிணறு, எத்தனை சிவப்புக் குறி, என்ன கேட்கிறோம் என்ற மூன்றும் இருந்தால் போதும். தலைவர் அன்றைக்குப் பேசவே விடவில்லையென்றால் அதையே மனுவாக எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வர வேண்டும். முத்திரை இல்லாத மனு காற்றோடு போய்விடும் மக்கா. அங்கேயும் நகரவில்லையென்றால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

பாதி மனுக்களுக்குப் பதில் வராது. திடம் என்று நீ கேட்டது இந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். "மனசைத் தளர விடாதே" என்று தேற்றுவதால் ஒரு பயனும் இல்லை. வெள்ளிக்கிழமை பாடவேளையில் நோட்டில் மூன்று வரி எழுத வை: என்ன நடந்தது, இதில் நம் கையில் இருந்தது எது, அடுத்து யாரை எந்தத் தேதியில் பார்ப்பது. மூன்றாவது வரியில் தேதி இல்லாமல் நோட்டை மூடக்கூடாது. பொறுப்புகளையும் மாதத்துக்கு ஒரு தடவை மாற்று: பேசுகிறவள், எழுதுகிறவள், அளக்கிறவள், வரவு செலவு பார்க்கிறவள், பொருள் காக்கிறவள். நன்றாகப் பேசுகிற பிள்ளையே எப்போதும் மேடையேறினால் மற்ற நான்கு பேரும் கோலப்பொடி எடுத்துக் கொடுக்கிற கூட்டமாகிவிடுவார்கள். பாராட்டும்போது "அடக்கமான பிள்ளை", "நல்ல பிள்ளை" என்றெல்லாம் சொல்லாதே. "பஞ்சாயத்து அலுவலகத்தில் இரண்டாவது தடவையும் போய்க் கேட்டாயே" என்று செய்ததைச் சொல். ஆண்டு விழாவில் அடக்கத்துக்குப் பரிசு கொடுக்கிற வழக்கம் அங்கே இருந்தால் சத்தமில்லாமல் அதை நிறுத்தப் பார்.

தான் யார் என்பது பற்றி. பிள்ளைகளைக் குடும்ப வரலாறு எழுதச் சொன்னால் நம் ஊரில் அது சாதிப் பெருமையில் போய் முடியும், அல்லது ஒரு பிள்ளை கூனிக் குறுகி உட்காரும். அதனால் வம்சத்தைக் கேட்க விடாதே, வேலையைக் கேட்க வை. பாட்டியிடம் அரைமணி நேரம், ஐந்தே கேள்வி: எந்த வயதில் வேலைக்குப் போனீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கூலி என்ன, கையில் காலில் என்ன காயம், காசு யார் கைக்குப் போனது. அக்கானி (பதநீர்) காய்ச்சிச் சிரட்டையில் கருப்பட்டி ஊற்றியவர்கள், அண்டிக் கம்பெனியில் (முந்திரி ஆலையில்) தோடு உடைத்துக் கை கறுத்தவர்கள், மீன்கூடை சுமந்து சந்தைக்கு நடந்தவர்கள் எல்லாம் அந்த நோட்டில் வருவார்கள். அதோடு தோள்சீலைப் போராட்டத்தையும் சொல். மேலாடை போடும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் 1822இலிருந்து அடிபட்டு, திருவாங்கூர் அரசு 1859 ஜூலை 26இல் இறங்கிவந்து அறிவிப்புக் கொடுத்தது. பாட்டியின் கூலிக் கணக்கை எழுதிய கையோடு இதைப் படித்தால் அது பாடமாகத் தெரியாது.

கடலோரப் பள்ளி என்றால் ஒரு எச்சரிக்கை. 2004 சுனாமியும் 2017 நவம்பர் 30இல் வந்த ஒக்கிப் புயலும் பல வீடுகளில் இன்னும் ஆறவில்லை. நினைவு நாளில் அப்பாவை இழந்த பிள்ளையை மேடையேற்றிப் பேசச் சொல்லவே சொல்லாதே. அவளாக வந்து கேட்டாலும் ஒரு நாள் தள்ளிப் போட்டு, மறுநாளும் அதே எண்ணமா என்று விசாரி. மெழுகுவத்தி அடுக்குவதும் கணக்கு எழுதுவதுமாகக் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற நேரம் வைக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். வை. ஆனால் "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி நீ காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அதனால் முதல் நாளே "யாருக்காவது ஆபத்து என்றால் நான் உதவி கேட்டே தீருவேன்" என்று சொல்லிவிடு. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வை. திரும்பத் திரும்பக் கேட்காதே, வீட்டாரை அழைத்துச் சமரசம் பேசாதே, பெயரை ஓய்வறையில் உச்சரிக்காதே. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தால் அடுத்த படியைச் சொல்வார்கள். மாணவர்களுக்கான உதவி எண் 14417ஐயும் வகுப்பறைக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வை. வராந்தாவில் எழுதினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள்.

நாப்கின் விஷயத்தில் ஒரே வரி. பெட்டியை ஆசிரியர் பீரோவில் பூட்டி வைக்காமல் கழிப்பறைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பொறுப்பில் விடு. கேட்டு வாங்க வேண்டியிருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஏழு நாள் சிறப்பு முகாமை இந்தக் கிணற்று வேலையோடு சேர்த்துக்கொள். தனியாக ஒரு தலைப்புத் தேடி அலையாதே. இரவு தங்குவதாக இருந்தால் பெற்றோரின் கையெழுத்தும், இரண்டு ஆசிரியைகளும், உள்ளேயிருந்து தாழ் போடும் கழிப்பறையும் இல்லாத இடத்தைப் பார்க்கவே போகாதே.

நீ வருவதற்குள் எங்கள் பக்கத்துக் கிணற்று நோட்டு ஒன்றைப் படியெடுத்து வைக்கிறேன். கட்டம் போட்ட படிவம் அதில் இருக்கிறது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மாமாவுக்கு என் வணக்கம் சொல். பெட்டி கட்டும்போது நல்ல துணி டேப் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள், 15 மீட்டர் அளவு. இரும்பு டேப் கிணற்றடி ஈரத்தில் ஒரே பருவத்தில் துருப்பிடித்துவிடுகிறது.

அன்புடன்,
உன் தோழி
தக்கலை