10ஆம் எண் தாத்தா

பாப்பா,

வம்சாவளி ஆய்வு மாநாட்டுக்குப் போகவே வேண்டாம், பேச்சை வீடியோவாக எடுத்து அனுப்பிவிடட்டும் என்று நீ சொன்னதை அம்மா திரும்பத் திரும்ப என் காதில் ஓதிவிட்டாள். கோபமில்லை. ஆனால் நான் போகிறேன். டாக்டரும் சரி என்றுவிட்டார், கிளம்புவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைக் கேட்டால், காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை, மாடிப்படியில் பாதியில் நின்று எதையோ யோசிப்பதுபோல் நடிக்கிறேன். நிமோனியா என்றால் இப்படித்தானாம். காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்கும், இருமலும் மூச்சிரைப்பும் குறைய ஆறு வாரம் ஆகும், அசதி மட்டும் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட இழுக்கும். அதனால் காலையில் தெம்பு இருக்கும்வரை ஸ்லைடு வேலை, மதியம் தூக்கம்.

பேச்சு மரணப் பதிவுகளைப் பற்றி. ஒரு மரணச் சான்றிதழில் இறந்த தேதி அப்போதைக்கு அப்போது எழுதியது, பெரும்பாலும் நம்பலாம். அதே தாளில் இருக்கும் பிறந்த வருடமும் பெற்றோர் பெயரும் அப்படியில்லை, அழுதுகொண்டிருந்த மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ நினைவில் இருந்ததைச் சொல்லியிருப்பார். ஒரே தாளில் பாதி நேரில் கண்டது, பாதி காதில் விழுந்தது. இதைப் பிரிக்காமல் அப்படியே வம்சாவளியில் ஏற்றி, அப்பனைவிட மூத்த மகனை உண்டாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா!

ஸ்லைடில் நம் வம்சாவளிக்கு உன்னிடமிருந்து தொடங்கி எண் போட்டிருக்கிறேன். நீ 1, நான் 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அந்தக் கணக்கில் 10 என் அம்மாவின் அப்பா. அவர் பதிவில் காரணம் என்ற கட்டத்தில் ‘நுரையீரல் காய்ச்சல்’ என்று இருக்கிறது. நிமோனியாவுக்கு அந்தக் காலத்துப் பெயர். எத்தனையோ முறை அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன், வயதைப் பார்த்ததே இல்லை. உன் வயதுகூட ஆகவில்லை பாப்பா அவருக்கு. பெனிசிலின் 1940களில்தான் நோயாளிகளின் கைக்கு வந்தது, அவர் அதற்கு முன்பே போய்விட்டார். எனக்கோ ஒரு வாரம் மாத்திரை. இந்த ஸ்லைடை மட்டும் வேறு யாரும் வாசிக்க எனக்கு மனமில்லை. அப்புறம், மாநாட்டில் விஷயமே பேச்சு முடிந்த பிறகு வராந்தாவில்தான், யாராவது ஒரு பழைய போட்டோவை நீட்டி இவரைத் தெரியுமா என்று கேட்பார்கள். வீடியோவிடம் யார் கேட்பார்கள்?

உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைக் காட்டக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் மதிக்கும் வழக்கம், அதனால் 1, 2, 3 மூன்று கட்டத்திலும் பெயரை மறைத்துவிட்டேன். என் கட்டத்தில் இறந்த தேதி காலியாக இருக்கிறது. இருக்கட்டும், அவசரமில்லை.

உனக்காக ஒன்று விட்டுக்கொடுக்கிறேன், உட்கார்ந்தே பேசுகிறேன், நாற்காலி கேட்டு எழுதியாகிவிட்டது. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் முழுப் பேச்சையும் கேட்டு நேரம் குறித்துச் சொல். நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் எந்த ஸ்லைடை வெட்டலாம் என்று நீயே முடிவு செய், 10ஐத் தவிர. இருமும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடு.

அப்பா