கெல்ப் காட்டுப் பயணம்: தேதியை அலை முடிவு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியக் கடலில் கெல்ப் என்னும் நெடிய கடற்பாசி அடர்ந்து வளரும் கெல்ப் காடுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உறவினரைப் பார்க்க அமெரிக்கா வருகிறவர்கள், ஸ்கூபா சான்றிதழ் இருந்தால், மான்டரேவில் இரண்டு நாள் தங்கி நீருக்கடியில் படமெடுத்துத் திரும்பலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. சான் ஹோசேவில் குடியிருந்து குளிர்காலந்தோறும் இந்தக் கடலில் இறங்குகிறவன் என்ற முறையில், அந்த இரண்டு நாள் கணக்கு மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை. வசந்தத்தில் வீசும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையை விட்டு விலக்க, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலேறி வந்து, நுண்பாசிகள் பெருகி, கடல் பல வாரங்கள் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் அந்தக் கலங்கல் அடங்கிவிடுவதால், டிசம்பரிலும் ஜனவரியிலும் இரண்டு புயல்களுக்கு நடுவே வாய்க்கும் அமைதியான நாட்களில் நீர் நன்றாகத் தெளிந்திருப்பதுண்டு. இரண்டு புயல்களுக்கு நடுவே என்பதைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. வட பசிபிக்கில் எங்கோ எழும் புயலின் அலை, இங்கே வெயில் அடிக்கும் நாளிலும் வந்து மோதும். அறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 8 நொடி இடைவெளியில் வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். 16 நொடி அலைக்கு அதுவே சுமார் 400 மீட்டர். நீளத்தில் பாதியளவு ஆழம் வரை அலை நீரை அசைக்கும் என்பதால், படகிலிருந்து பார்க்கச் சாதுவாகத் தெரியும் இரண்டு மீட்டர் அலை, நீண்ட இடைவெளியில் வருமானால், 15 மீட்டர் ஆழத்தில் படமெடுக்கிறவரை மணலோடும் கெல்ப்போடும் சேர்த்து முன்னும் பின்னும் இழுத்தடிக்கும். மான்டரேவுக்கு வெளியே நிற்கும் 46042 என்ற எண்ணுள்ள மிதவையின் அளவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விமானம் ஏறுவதற்கு முன்பே அவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

ஆகவே ஒரே ஊரை நம்பி வராமல், வடக்கே மான்டரே, தெற்கே கேட்டலினா தீவு என இரண்டையும் மனத்தில் வைத்து, ஐந்தாறு நாட்களை ஒதுக்கி, எங்கே இறங்குவது என்பதைக் கடைசி நேரத்தில் முடிவு செய்வதே உசிதம். லாங் பீச்சிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் உள்ள கேட்டலினாவின் அவலோன் ஊரின் டைவ் இடமான கேசினோ பாயின்ட், தீவின் மறைவில் இருப்பதால் மேற்கிலிருந்து வரும் அலையின் வேகம் அங்கே பெரிதும் தணிந்துவிடும். நீரும் மான்டரேவை விட மூன்று நான்கு டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். செம்மஞ்சள் நிறக் கரிபால்டி மீன் கேமராவைக் கண்டு ஓடாமல் கெல்ப் தண்டுகளுக்கு நடுவே வந்து நிற்பது படமெடுப்பவருக்குக் கூடுதல் லாபம். ஆனால் நிலப்பகுதியிலிருந்து சான்டா ஆனா காற்று வீசும் நாட்களில் அந்தக் கரை நேராக அதன் வாயில் அகப்பட்டுக்கொள்ளும். மான்டரேவை அடுத்த கார்மலுக்குத் தெற்கே உள்ள பாயின்ட் லோபோஸ் காப்பகத்தின் கடற்பகுதி 1960 முதல் பாதுகாக்கப்படுவது. அங்கே முன்பதிவு அவசியம். பதிவு செய்த நாளில் அலை பெரிதாக இருந்தால், பணம் போனாலும் போகட்டும் என்று கரையிலேயே நின்றுவிட வேண்டும்.

கட்டுரையில் கண்ட அடர்ந்த காடு நேரில் இருக்குமா என்பது வேறு கேள்வி. நல்ல சூழலில் ராட்சதக் கெல்ப் ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளரும். அதையே புயலலை அடியோடு பெயர்த்துக் கரையில் குவித்துவிடும் என்பதால், மான்டரேவில் பிப்ரவரியை விட டிசம்பர் தொடக்கமே மேல். 2013இல் தொடங்கிய நோயில், கடல்முள்ளிகளைத் தின்னும் நட்சத்திர மீன்கள் அழிந்ததும், அதையடுத்து 2014 முதல் 2016 வரை கடல் வெப்பம் ஏறியதும், ஊதா நிறக் கடல்முள்ளிகள் பெருகிக் கெல்ப்பைத் தின்று தீர்த்ததும் சேர்ந்து, மான்டரே தீபகற்பத்தில் பல பாறைகள் மொட்டையாகிவிட்டன. பழைய படங்களை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், செயற்கைக்கோள் படங்களிலிருந்து கெல்ப்பின் பரப்பைக் காட்டும் கெல்ப்வாட்ச் இணையதளத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்தமானிலோ மாலத்தீவிலோ வெதுவெதுப்பான நீரில் பயின்றவர்கள், 11, 12 டிகிரி நீரில் கேமராவோடு நேராக இறங்கக் கூடாது. முதல் டைவை வெறுங்கையோடு, உள்ளூர்ப் பயிற்சியாளருடன் செய்ய வேண்டும். குளிருக்காக அணியும் 7 மில்லிமீட்டர் தடித்த டைவ் உடையின் மிதப்பை அடக்க இடுப்பில் கட்டும் ஈயமும் கூடும். தடித்த கையுறைக்குள் ஷட்டர் எது, டயல் எது என்று விரலுக்கே தெரியாது. டேங்க் வால்வில் கெல்ப் சிக்கினால் சுழன்று திரும்பினால் மேலும் சுற்றிக்கொள்ளும்; இழுத்தாலும் அறாது, மடக்கி ஒடித்தால் படக்கென்று ஒடியும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் நண்பகலிலும் மான்டரேவில் சூரியன் தொடுவானிலிருந்து சுமார் 30 டிகிரி உயரமே ஏறும் என்பதால், காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில்தான் வேலை நடக்கும். அகலக் கோண லென்ஸோடு கெல்ப்பின் அடியிலிருந்து மேல்நோக்கி எடுக்கும்போது, ஃபிளாஷ்களை இரு பக்கமும் நன்றாக விலக்கி வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெறிப்பது குறையும்.

படகில் இரவு தங்கும் பயணங்களைப் பரிந்துரைத்த கட்டுரையாளர், 2019 செப்டம்பர் 2 அன்று சான்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பற்றி, கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்ததை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். தீயின் மூலகாரணம் உறுதியாகவில்லை. இரவில் சுற்றிவரும் காவலர் இல்லாதது விசாரணையில் உறுதியானது. முன்பணம் கட்டுவதற்கு முன், இரவு முழுவதும் விழித்திருக்கும் காவல் உண்டா, கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்ய அனுமதிக்கிறார்கள், உறங்குமிடத்துக்கு இரண்டாவது வழி எது என்று கேட்டுவிட வேண்டும். பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட வேண்டும் என்பதையும் சேர்த்து, இந்த விவரங்களை அடுத்த வார இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா