பாப்பாவுக்கு, ஹேண்ட் பிளெண்டர் விஷயமாக

கொசப்பேட்டை, வேலூர்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று வீடியோ காலில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள், அப்புறம் உன் சின்னவன் பாட ஆரம்பித்துவிட்டான், அத்தோடு பேச்சு எங்கோ போய்விட்டது. "சூப்புக்கும் ஸ்மூத்திக்கும் ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்கணும்ப்பா, எது நல்லதுன்னு பார்த்து யாராவது வந்தா கொடுத்தனுப்புங்க" என்றாய். முப்பது வருஷம் மிக்ஸி மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டியவனிடம் இதைக் கேட்டுவிட்டு இரண்டு வரியில் பதில் வரும் என்று நினைத்தாயா?

முதலில், இங்கிருந்து வேண்டாம். சாரதி மாளிகைப் பக்கம் போனால் வாங்கிவிடலாம், எனக்கும் வாங்கி அனுப்ப ஆசைதான். ஆனால் இங்கே நமக்கு வருவது 230 வோல்ட். உங்கள் கனடாவில் சுவரில் இருப்பது 120. இங்கே செய்த மோட்டாரை அங்கே செருகினால் பாதி உயிரோடுதான் சுற்றும், ஒரு கேரட் துண்டு மாட்டினால் நின்றுவிடும். நின்றபிறகும் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தால் காயில் கருகும். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான். அந்த எடைக்கும் விலைக்கும் அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். வாங்கும்போது 120 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று போட்டிருக்கிறதா, சி.எஸ்.ஏ. மாதிரி அந்த ஊர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்.

"அவகிட்டதான் மிக்ஸி இருக்கே, இன்னொண்ணு எதுக்கு" என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு அவளே தன் கையைப் பார்த்துக்கொண்டாள். உன்னிடம் இதுவரை சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் தக்காளி சூப் வைத்தவள், கொதிக்கக் கொதிக்க ஜாரில் ஊற்றி மூடி போட்டுச் சுற்றிவிட்டாள். மூடி கூரைக்குப் பறந்தது, சூப் முழங்கை வரைக்கும் கொட்டியது. பத்து நாள் கட்டு. நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாளே, அது இதற்காகத்தான். சூடான குழம்பையோ சூப்பையோ மூடிய ஜாரில் கத்தி கலக்கினால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பும், உள்ளே இருக்கும் காற்றும் சூட்டில் விரியும், போக வழி இல்லாமல் மூடியைத் தள்ளும். எத்தனையோ வீட்டு ஜாருக்கு ரப்பர் மாற்றிக் கொடுத்து, "சூடா போடாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டில் சொல்லவில்லை. அதனால் சூப் வைக்கிற வீட்டில் ஹேண்ட் பிளெண்டர் இருக்கட்டும் என்பது என் கட்சி. திறந்த பாத்திரத்திலேயே விட்டு அரைப்பதால் ஆவி அதன் பாட்டுக்குப் போய்விடும்.

இப்போது எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் 800 வாட், 1000 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பான். அது மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற கணக்கு, எவ்வளவு நன்றாக அரைக்கிறது என்ற கணக்கு இல்லை. இழுப்பதில் ஒரு பங்கு வெறும் சூடாகத்தான் போகிறது. வெந்த காய்கறிக்கு 300 வாட்டே தாராளம். ஃப்ரீசரில் வைத்த பழத்தையும் போடுவேன் என்றால் 500, 600 பக்கம் போ. அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை. வேகமும் இரண்டு மூன்று இருந்தால் போதும், இருபது எண் போட்ட வட்டத்தைத் திருகிக்கொண்டிருக்க உனக்கு ஏது நேரம்?

வாட்டை விட முக்கியமான ஒன்று உள்ளே இருக்கும் காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது. ஒரு நிமிஷம் ஓட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிடு என்கிற மாதிரி போட்டிருப்பான். சின்ன உடம்புக்குள் வேகமாகச் சுற்றும் மோட்டார், சூடு வெளியே போக இடம் குறைச்சல். ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த கல்கத்தாக்காரர் ஒருவர் ஒருமுறை கடைக்கு வந்தார். அப்பாவுக்குத் தாடையில் ஆபரேஷன், கஞ்சி மாதிரி அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். சாதம், பருப்பு, காய் எல்லாவற்றையும் சேர்த்து ஹேண்ட் பிளெண்டரைப் பத்து நிமிஷம் விடாமல் ஓட்டியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சர் கருகி, வார்னிஷ் நாற்றம் கடையைத் தூக்கியது. அதில் திரும்பக் கட்ட ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்த பழைய மிக்ஸியைக் கொடுத்து, ஊருக்குப் போகும்போது திருப்பித் தந்தால் போதும் என்றேன். தந்துவிட்டுத்தான் போனார், கூடவே ஒரு டப்பா இனிப்பு. சரி, அது வேறு கதை. சொல்ல வந்தது, நீ சூப் அரைக்க நாற்பது விநாடி போதும். பிளெண்டரின் உடம்பு சுட்டால் நிறுத்திவிடு.

அடுத்தது கால். அதாவது கத்தி இருக்கும் தண்டு. சூட்டில் முக்கப்போகிற பொருள், அதனால் ஸ்டீலாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். கழற்றி மாட்டும்படி இருந்தால்தான் கழுவ வசதி. கடையில் இருக்கும்போதே கழற்றி மாட்டிப் பார், லொடலொடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடு. மோட்டாரையும் காலையும் சேர்க்கும் இடத்தில் பல் வைத்த சின்னக் கப்ளர் இருக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக். அதைக் குறை என்று நினைக்காதே. எதிலாவது சிக்கினால் மோட்டாருக்குப் பதில் அது தேயும். ஸ்பேர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள். பழகியபிறகு என்றைக்காவது பாலில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால், தண்டின் அடியில் இருக்கும் சீல் போய் உள்ளே இருக்கும் கிரீஸ் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பாலைச் சின்னவனுக்குக் கொடுக்காதே.

படம் பார்த்து ஆர்டர் போடாதே, பாப்பா. பிரசவத்துக்கு அப்புறம் உனக்கு மணிக்கட்டு வலி வந்ததே. பாதி மாடலில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும். கடையில் போய்க் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பட்டனை அழுத்திப் பார். உன் கைக்குக் கனமாக இருந்தால் அது எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் அலமாரியில்தான் தூங்கும். ஒயர் இல்லாத பேட்டரி ரகம் அடுப்படியில் சௌகரியம், ஆனால் பேட்டரிக்கு வயதாகும். கூடவே சாப்பர், விஸ்க், மசிப்பான் என்று ஐந்து சாமான் வைத்து விற்பார்கள். அவற்றுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் முதலில் போகும். வெறும் காலும், குறுகலான உயரமான ஒரு டம்ளரும் போதும். அந்த டம்ளர் முக்கியம், ஒரு ஆள் ஸ்மூத்திக்கு அகலப் பாத்திரம் எடுத்தால் கத்தி மூழ்காது, சுவரெல்லாம் வாழைப்பழம் தெறிக்கும்.

ஸ்மூத்திக்குப் பாலோ தயிரோ முதலில் ஊற்று, அப்புறம் பழம். உறைந்த பழம் என்றால் பத்து நிமிஷம் வெளியே வைத்துப் போடு. ஐஸ் கட்டி உடைக்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய உடைக்காதே. மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, ஊறவைத்துப் போட்டாலும் நறநறவென்றுதான் நிற்கும், அதற்கு மிக்ஸிதான். சட்னியும் அப்படித்தான். கேவுரு (கேழ்வரகு) கூழ் கட்டி தட்டிவிட்டால் மட்டும் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. சூப்பில் பட்டை, பிரிஞ்சி இலை, கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் எடுத்துவிட்டு அரை. முருங்கைக்காயை வேகவைத்துச் சதையை வழித்துப் போடு, நார் போனால் தண்டில் சுற்றிக்கொள்ளும். உருளைக்கிழங்கு போட்டால் ரொம்ப ஓட்டாதே, மாவுச்சத்து வெளியே வந்து பசை மாதிரி இழுக்கும்.

கடைசல் இதில் செய்யலாமா என்று நீ கேட்டதை அம்மாவிடம் சொன்னேன், அவ்வளவுதான், அரை மணி நேரம் எனக்குப் பாட்டு. இந்த ஹேண்ட் பிளெண்டரை முதலில் செய்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் ரோஜர் பெரன்ஜாக்கே, 1950இல் காப்புரிமை வாங்கி 'பாமிக்ஸ்' என்று பேர் வைத்தார். அடித்துக் கலக்கு என்ற பொருளில் பிரெஞ்சு வார்த்தைகளை ஒட்டி வைத்த பேர். மத்துக்கு மோட்டார் வைத்த மாதிரிதானே என்று அம்மாவிடம் நான் வாதாடினேன். "மத்து மசிக்கும், இது வெட்டும், முப்பது வருஷம் மிக்ஸி பார்த்தவருக்கு இதுகூடத் தெரியாதா" என்றாள். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கீரையில் இதை விட்டால் பச்சைக் கஞ்சி ஆகிவிடுகிறது, கடைசலுக்கு நடுநடுவே கொஞ்சம் திப்பியாக வாயில் படவேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதை வாங்கி வந்து பிளெண்டரில் அடிப்பது பாவம் என்கிறாள். மண்சட்டியிலும் நான்ஸ்டிக்கிலும் கத்தியை இறக்கவே கூடாது, அது நான் சொல்வது.

கடைசியாக ஒன்று, இதைச் சும்மா படித்துவிட்டுப் போய்விடாதே. கத்தியில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். ஒரு கையில் உடம்பு இருக்கும், அதே கையின் கட்டைவிரல் பட்டன்மேல் இருக்கும், இன்னொரு கை கத்தியில். இப்படி விரலைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னவன் எதைப் பார்த்தாலும் அழுத்துகிற வயசு. ஓட்டும்போது முதலில் அடிவரை முக்கு, அப்புறம் பட்டன். முதலில் நிறுத்து, அப்புறம் தூக்கு. கழுவ, டம்ளரில் சோப்புத் தண்ணீர் விட்டு பத்து விநாடி ஓட்டினால் போதும், மோட்டார் இருக்கும் உடம்பை மட்டும் தண்ணீரில் போடாதே.

எதிர்வீட்டுப் பையன் தை மாசம் அங்கே வருகிறான். அவனிடம் பிளெண்டர் வராது, மத்து வரும். லாங்கு பஜாரில் அம்மாவே போய்ப் பார்த்து எடுத்திருக்கிறாள். கூடவே இரண்டு கிலோ வறுத்த மல்லாட்டையும் வைக்க வேண்டும் என்று அடம். அவன் சூட்கேஸில் இன்னும் எவ்வளவு எடை விடுவார்கள் என்று கேட்டுச் சொல்.

அப்பா